கோவாப் புழுவின் குடலில் நடப்பது

கந்தப்பளையிலிருந்து இராகலைப் பக்கம் போகும் பாதையில் தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் அடுத்தடுத்துக் கிடக்கும். பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு கான்தான் எல்லை. பனி முழுதாக விலகாத ஒரு காலையில், அப்படியொரு கோவாப் பாத்தியில் குனிந்து வெளி இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். இலையின் அடிப்பக்கம் சுரண்டித் தின்னப்பட்டு, மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாள் போல மிஞ்சியிருந்தது. அந்தச் சின்னச் சாளரம் ஒன்றின் ஓரத்தில், இரு முனையும் கூம்பிய வெளிர்பச்சைப் புழு. நீளம் ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். விரல் பட்டதும் துடித்துப் பின்வாங்கி, இலை விளிம்பிலிருந்து விழுந்து, மெல்லிய பட்டிழையில் தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அதே இழையைப் பற்றி மேலே ஏறியது.

பக்கத்துப் பாத்தியில் மருந்து டேங்கியை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “அது மருந்துக்குப் பழகிப்போச்சு தம்பி. போன போகத்துல அடிச்சப்ப பொலபொலன்னு விழுந்துச்சு. இப்ப ரெண்டு மூடி கூடப் போட்டு அடிச்சாலும் சும்மா கெடக்கு.”

மலைநாடு முழுக்கக் கேட்கும் சொல் இது. பழகிப்போச்சு. கண்ணால் கண்டதைத்தான் அவர் சொன்னார், அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு புழு மருந்தைக் குடித்துக் குடித்து உரமேறுவது போன்ற படத்தை நம் மனத்தில் வரைகிறது. நடப்பது வேறு. மருந்து பட்ட புழுக்களில் பெரும்பாலானவை செத்தே போகின்றன. பிறக்கும்போதே உடலில் கொஞ்சம் வேறுபட்ட நொதியமோ, அதே நொதியம் கூடுதலாகவோ அமைந்த சில புழுக்கள் பிழைத்து, தம்மைப் போன்ற குஞ்சுகளைப் பெருக்குகின்றன. ஒவ்வொரு தெளிப்பும் ஒரு சலிப்பு, சல்லடையில் மிஞ்சுவது அடுத்த போகத்துக்கான விதை. அப்படி மிஞ்சியவற்றின் உடலில் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. விடையின் பெரும்பகுதி அந்தக் கோவா இலையிலேயே இருக்கிறது.

கடுகிலிருந்து தொடங்குவோம். முழுக் கடுகை வாயில் போட்டு விழுங்கினால் காரம் தெரியாது. அச்சாறுக்காக அதையே நீர்விட்டு அரைத்தால் மூக்கில் ஏறிக் கண்ணீர் வரும். காரம் கடுகில் தயாராக இருப்பதில்லை, அரைக்கும்போதுதான் உண்டாகிறது. குளுக்கோசினோலேற்று என்ற கந்தகம் கலந்த சர்க்கரைச் சேர்மம் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதியம் வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மியோ பல்லோ அந்தச் சுவரை உடைத்ததும் இரண்டும் கலந்து, ஐசோதயோசயனேற்று என்ற கார நஞ்சு பிறக்கிறது. கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாம் கடுகின் குடும்பம். கந்தப்பளைக் கோவாவின் ஒவ்வொரு இலையும் இப்படி இரண்டாகப் பிரித்து வைத்த வெடிமருந்துச் சாலைதான். பழக்கமில்லாத பூச்சி கடித்தால் அதன் வாயிலேயே வெடிக்கும்.

நான் பார்த்த புழு வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்த அந்து சிறகை மடித்து உட்கார்ந்திருக்கையில் முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் வரிசையாகத் தெரிவதால் அந்தப் பெயர். அது இந்த வெடிமருந்தை எப்படிச் சாப்பிடுகிறது என்பதை ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள வேதிச் சூழலியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2002இல் காட்டினார்கள். புழுவின் குடலில் சல்பற்றேஸ் என்ற நொதியம் இருக்கிறது. இலை மெல்லப்பட்டு மைரோசினேஸ் வேலையைத் தொடங்குவதற்குள், குளுக்கோசினோலேற்றின் கந்தகக் கொம்பை அது வெட்டிவிடுகிறது. கொம்பிழந்த சேர்மம் மைரோசினேஸின் பிடிக்குள் பொருந்தாது, வெடி நமத்துப்போகும். 2019இல் அதே நிறுவனத்தார் இந்த நொதியத்துக்கான மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். புழுவின் உடலில் கார நஞ்சு சேர்ந்தது, வளர்ச்சி குன்றியது, முட்டை குறைந்தது. கோவாவைத் தின்ன அதற்கு அனுமதி தருவது இந்த ஒரு நொதியம்தான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது வேறொன்று. தாய் அந்து முட்டையிட இடம் தேடும்போது இதே குளுக்கோசினோலேற்றைத்தான் அடையாளமாகக் கொள்கிறது. மற்றப் பூச்சிகளை விரட்டும் பொருள் இதற்கு வீட்டு முகவரி. அதே செடியைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு வேறு வழியில் போகிறது. அது வெடிப்பைத் தடுப்பதில்லை, வெடித்ததைத் திசைதிருப்பி, தன் குடற்புரதம் ஒன்றின் துணையால் நைத்திரைல் என்ற நச்சுக் குறைந்த பொருளாக வெளியேற்றுகிறது. ஒரே பாத்தியில் ஒரே இலையைத் தின்னும் இரண்டு புழுக்களுக்கு இரண்டு வேதியியல். பூச்சிகளின் நச்சுமுறிப்பு ஒரே மூலத்திலிருந்து வந்ததல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

இனி நாம் தெளிக்கும் மருந்துக்கு வருவோம். பூச்சிகள் நஞ்சை முறிக்கப் பயன்படுத்தும் நொதியங்களில் மூன்று குடும்பங்கள் முதன்மையானவை. முதலாவது சைற்றோகுரோம் பி450. நடுவில் ஓர் இரும்பணு கொண்ட இவை, காபனோரொக்சைட்டுடன் சேர்ந்தால் 450 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும், பெயரிலுள்ள எண் அதுதான். எண்ணெயில் கரையும் நஞ்சின் மேல் ஓர் ஒட்சிசன் அணுவைப் பூட்டி, நீரில் கரையும் பொருளாக மாற்றுவது இவற்றின் வேலை. இரண்டாவது எஸ்டரேஸ். எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பை நீர்கொண்டு அறுப்பவை இவை. மூன்றாவது, குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறை நஞ்சின் முதுகில் கட்டிவிடும் ஜி.எஸ்.ரி. நொதியங்கள். கட்டப்பட்ட நஞ்சை உயிரணு மென்சவ்விலுள்ள பம்புகள் வெளியே தள்ளும். நடுக்குடல், கொழுப்புத் திசு, கழிவு பிரிக்கும் மால்பீஜியன் குழாய்கள் ஆகிய இடங்களில் இந்த வேலை மும்முரமாக நடக்கிறது.

எத்தனை நொதியங்கள் என்பது பூச்சியின் வாழ்க்கையைப் பொறுத்தது. தேனீக்கு 46 பி450 மரபணுக்கள். டெங்கு பரப்பும் நுளம்புக்கு ஏறக்குறைய 160. மனித உடலை மட்டும் அண்டி வாழ்ந்து இரத்தம் மட்டும் குடிக்கும் பேனுக்கு 40ஐக்கூட எட்டாது. ஒரே சமையலை உண்பவருக்கு ஒரு கத்தி போதும் என்பது போல.

மலத்தியனை எடுத்துக்கொண்டால் இந்த நொதியங்களின் இழுபறி தெளிவாகும். போத்தலில் இருக்கும் மலத்தியன் பூச்சியைக் கொல்வதில்லை. பூச்சியின் பி450 அதில் ஒரு கந்தக அணுவை எடுத்துவிட்டு ஒட்சிசனை வைக்கும்போதுதான் அது மலொக்சனாகி, நரம்புகளுக்கிடையே செய்தியை நிறுத்தும் நொதியத்தைப் பூட்டிக் கொல்கிறது. ஆக, நச்சுமுறிக்கும் நொதியமே நஞ்சைக் கூர்மையும் ஆக்குகிறது. அதே நேரத்தில் காபொக்சில்-எஸ்டரேஸ் என்ற மற்றொரு நொதியம் மலத்தியனின் எஸ்டர் பிணைப்பை அறுத்து, தீங்கற்ற அமிலமாக்க முயல்கிறது. எந்த நொதியம் முந்துகிறதோ அதன்படி சாவோ பிழைப்போ. மனிதரின் ஈரலில் இந்த எஸ்டரேஸ் நிறைய உண்டு, பெரும்பாலான பூச்சிகளில் மிகக் குறைவு. மற்றப் பல ஒகனோபொஸ்பேற்று மருந்துகளைவிட மலத்தியன் மனிதருக்குப் பாதுகாப்பானதென்று கருதப்பட்டதற்குக் காரணம் இந்த ஒரு வேறுபாடுதான்.

அந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பது 1976இல் பாகிஸ்தானில் தெரிந்தது. மலேரியா ஒழிப்புக்காக மலத்தியன் தெளித்த ஏறக்குறைய 7,500 தொழிலாளரில் சுமார் 2,800 பேர் நச்சுற்றார்கள், குறைந்தது 5 பேர் இறந்தார்கள். சில தயாரிப்புகளில் ஐசோமலத்தியன் என்ற மாசு சேர்ந்திருந்தது. அது மனித உடலின் எஸ்டரேஸை முடக்கிவிட்டது. மருந்து டேங்கியைச் சுமப்பவருடைய ஈரலும் கோவாப் புழுவின் குடலும் ஒரே குடும்பத்து நொதியங்களை நம்பி இருக்கின்றன. இந்த ஆராய்ச்சி நம் தோட்டங்களுக்கு வெறும் பூச்சியியல் அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவே போதும்.

இலங்கையின் சொந்தக் கதை நுளம்பினுடையது. அது கந்தப்பளையின் குளிரில் நடந்ததல்ல, வரண்ட வலயத்தில் நடந்தது. ஆனால் உலகப் பாடநூல்களில் இடம்பெற்றது. 1946இல் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பால் 1963இல் நாடு முழுதும் 17 மலேரியா நோயாளர் மட்டுமே பதிவானார்கள். தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது. 1960களின் முடிவில் நோய் திரும்பி வந்து 5 இலட்சத்தைக் கடந்தது. மறுபடி டி.டி.ரி.யைக் கையில் எடுத்தபோது, நோய் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு அதற்கு எதிர்ப்புப் பெற்றிருந்தது. 1970களின் பிற்பாதியில் மலத்தியனுக்கு மாறினார்கள்.

மலத்தியனை மலேரியாவுக்கென்றே ஒதுக்கி, விவசாயத்தில் பயன்படுத்தாமல் கட்டுப்படுத்தினார்கள். இந்த முடிவு அறியாமலே ஒரு பெரிய பரிசோதனையாகிவிட்டது. பிரித்தானிய ஆய்வாளர் ஜனட் ஹெமிங்வேயும் உடன் உழைத்தவர்களும் 1980களில் இங்கு இரண்டு நுளம்பு இனங்களை ஒப்பிட்டார்கள். வீட்டுச் சுவரில் தங்கும் குலிசிபேசிஸில் மலத்தியனை மட்டும் அறுக்கும் காபொக்சில்-எஸ்டரேஸ் இருந்தது. வயல் நீரில் வளர்ந்து வெளியே வாழும் அனோபிலிஸ் நைஜெரிமஸிலோ பல ஒகனோபொஸ்பேற்றுகளுக்கும் காபமேற்றுகளுக்கும் பரந்த எதிர்ப்பு. அங்கே நஞ்சு தாக்கும் நரம்பு நொதியமே உருமாறியிருந்தது. முதலாவதை உருவாக்கியது சுகாதாரப் பகுதியின் தெளிப்பு, இரண்டாவதை உருவாக்கியது நெல்வயல் மருந்து. நுளம்பின் உடலைத் திறந்து நொதியத்தைப் பார்த்தால், அதன் முன்னோர்மேல் எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்று படித்துவிடலாம் என்பதை நம் நாடு உலகுக்குக் காட்டியது.

அந்த வேலையைத் தொடர்ந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பராக்கிரம கருணாரத்ன. கொழும்பின் எல்லையில், இப்போது மெனிங் சந்தை இருக்கும் அதே பேலியகொடையிலிருந்து எடுக்கப்பட்ட கியூலெக்ஸ் நுளம்பு வர்க்கம் அவருடைய ஆய்வுகளின் முக்கிய நாயகன். அந்த நுளம்பில் இரண்டு எஸ்டரேஸ் மரபணுக்கள் பலமடங்கு படியெடுக்கப்பட்டிருந்தன. விளைந்த நொதியம் நஞ்சை வேகமாக அறுப்பதில்லை. கடற்பஞ்சு போல உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகவே விடுகிறது. பிடிக்கப் பஞ்சு நிறைய வேண்டும் என்பதால்தான் இத்தனை பிரதிகள். இதே படியெடுப்பு உலகின் பல கண்டங்களில் கியூலெக்ஸ் நுளம்புகளில் காணப்படுகிறது. 1991இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மரபணுக் குறிகளை ஒப்பிட்டு, எல்லாம் ஒரே ஓரிடத்தில் ஒருமுறை தோன்றி, கப்பலிலும் விமானத்திலும் நுளம்போடு உலகைச் சுற்றி வந்தவை என்று விளக்கினார்கள். கந்தப்பளைக் கோவா லொறியில் ஏறி இறங்கும் பேலியகொடையின் சாக்கடையில் அந்த உலகப் பயணி குடியிருந்தது.

2012க்குப் பின் உள்நாட்டில் பரவிய மலேரியா இல்லை என்பதால் 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாகச் சான்றளித்தது. ஆனால் அதன் பின்னரே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, நாட்டுக்குப் புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். பல மருந்துகளுக்கு எதிர்ப்போடேயே அது வந்திருக்கிறது.

மறுபடி மலைக்கு ஏறுவோம். தேயிலையும் நஞ்சற்ற செடியல்ல. கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் கஃபீன். நமக்குச் சுறுசுறுப்பு தரும் அந்தக் கஃபீனே பூச்சியின் உடலில் சமிக்ஞை நொதியம் ஒன்றை முடக்கி அதை நிலைகுலைக்கிறது என்று 1984இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. இளம் இலைகளில் கஃபீன் கூடுதலாக இருப்பதன் பொருள் அப்போது விளங்கியது. கோப்பிக் கொட்டையைத் துளைக்கும் வண்டு இந்தக் கஃபீனுக்குள்ளேயே பிறந்து வளர்கிறது. அதன் கெட்டித்தனம் அதனுடையதே அல்ல. 2015இல் வெளியான ஆய்வின்படி, கஃபீனை உடைப்பது வண்டின் குடலிலுள்ள சூடோமோனஸ் என்ற பக்ரீறியா. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அந்தப் பக்ரீறியாவை ஒழித்தால் வண்டின் கழிவில் கஃபீன் அப்படியே வருகிறது. பூச்சியின் நொதியம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு அதன் வாடகைக் குடியிருப்பாளருடையது என்பது இன்னும் சூடான கேள்வி.

தேயிலையில் மருந்தும் நொதியமும் பாடம் கற்பித்த வரலாறு ஒன்று இங்கேயே உண்டு. இலைகளைச் சேர்த்துத் தைத்து உள்ளிருந்து தின்னும் தேயிலைச் சுருட்டுப் புழு ஒரு காலத்தில் பெருந்தொல்லை. 1935–36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, சில ஆண்டுகளில் தொல்லையை அடக்கிவிட்டது. 1950களில் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டியெல்ட்ரின் தெளித்தபோது சுருட்டுப் புழு மறுபடி கிளம்பியது. மருந்து சுருட்டுப் புழுவைவிடக் குளவியையே அதிகம் கொன்றிருந்தது. இலையைத் தின்னும் பூச்சி தினமும் செடியின் நஞ்சோடு போராடி நொதியங்களைக் குவித்திருக்கும், மற்றொரு பூச்சியின் சதையைத் தின்னும் குளவிக்கு அந்தச் சுமை குறைவு, அதனால் ஆயுதமும் குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. எல்லாக் குளவிகளுக்கும் இது பொருந்துவதில்லை. மருந்து பட்ட இலைகளில் அலைந்து திரிவதும் குளவியைக் கொல்லும் காரணம்தான். ஆனாலும் மருந்தின் முதல் பலி பல தோட்டங்களில் நம் பக்கத்துப் படையாகவே இருந்திருக்கிறது.

கந்தப்பளையின் இன்னொரு பயிர் கிழங்கு. அதன் இலையில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி வைரசைக் கடத்தும் பச்சை அசுவினி, இந்தத் துறையின் மற்றொரு பாடநூல் உயிர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் அலன் டெவன்ஷயர் முதலானோர், மருந்துக்கு அடங்காத அசுவினியில் ஓர் எஸ்டரேஸ் மரபணு 80 பிரதிகள் வரை பெருகியிருப்பதைக் கண்டார்கள். உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் அந்த ஒரு நொதியமாகவே ஆகிவிடும். இதற்குச் செலவும் உண்டு. அப்படிப்பட்ட அசுவினிகள் குளிர்காலத்தில் அதிகம் இறக்கின்றன, எதிரி வந்ததைத் தெரிவிக்கும் எச்சரிக்கை மணத்துக்கும் மந்தமாகவே பதிலளிக்கின்றன. மருந்து நின்றால் அவை பின்தங்கும். சில வர்க்கங்களில் மரபணு இருந்தபடியே இருக்க, வேலையை மட்டும் நிறுத்திவிடுகிறது.

அதே அசுவினியின் ஒரு வகை புகையிலையில் வாழ்கிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் நம் லயத்து வீட்டுத் தோட்டங்களிலும் புகையிலைத் தண்ணீரைப் பூச்சிமருந்தாக அடித்தவர்கள் உண்டு. நிகொட்டின் அவ்வளவு வலிய நஞ்சு. அந்த நஞ்சுக்குள் வாழ, அசுவினி ஒரு பி450 மரபணுவைப் பல பிரதிகளாக்கியிருந்தது. பின்னர் மனிதர் நிகொட்டினைப் போலவே நரம்பைத் தாக்கும் இமிடாகுளோபிரிட் முதலிய மருந்துகளைச் செய்தார்கள். அந்த அசுவினியின் நொதியம் அவற்றையும் உடைத்தது. நாம் புதிதென்று எண்ணிக் கொண்டுவந்த மருந்துக்கு அது முன்பே ஆயத்தமாக இருந்தது என்பதை 2013இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது.

இங்குதான் துறையின் பெரிய வாதம் நிற்கிறது. செடியின் நஞ்சோடு பட்ட பாடுதான் பூச்சியை மருந்துக்கு ஆயத்தப்படுத்தியதா? 1971இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 35 வகைப் புழுக்களின் குடலை ஆராய்ந்து, பலவகைச் செடிகளைத் தின்பவற்றில் நச்சுமுறிக்கும் நொதியம் கூடுதல் என்றார்கள். கருத்து அழகானது, பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால் அதற்கு எதிரான சான்றுகளும் குவிந்தன. வைரமுதுகு அந்து கடுகுக் குடும்பத்தைத் தவிர வேறொன்றையும் பெரும்பாலும் தின்பதில்லை, ஆயினும் உலகில் மருந்தெதிர்ப்பில் அதை மிஞ்சும் பயிர்ப்பூச்சி அரிது. பலவற்றைத் தின்பது மட்டும் விளக்கம் ஆகாது. மருந்து எவ்வளவு அடிக்கடி விழுகிறது, தலைமுறை எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பனவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. என் எண்ணம் இது: ஆயுதச்சாலையைக் கட்டியது செடி, எந்த ஆயுதம் எடுக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது தெளிப்பு.

அவுஸ்திரேலியாவின் ஒரு கண்டுபிடிப்பு இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. செம்மறியைத் தாக்கும் ஈ ஒன்றில் மலத்தியன் எதிர்ப்பு தரும் மரபணு மாற்றம் தெரிந்ததுதான். அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருந்த, ஒகனோபொஸ்பேற்று மருந்துகள் வருவதற்கு முன் பிடிக்கப்பட்ட ஈக்களின் மரபணுவை 2006இல் படித்தார்கள். மலத்தியன் எதிர்ப்பு மாற்றம் அவற்றில் ஏற்கெனவே இருந்தது. டயசினோன் எதிர்ப்பு மாற்றம் இல்லை. ஒன்று மருந்துக்கு முன்பே காத்திருந்தது, மற்றது மருந்துக்குப் பின் தோன்றியது. இரண்டு வழியும் உண்மை.

புழுவின் காது கூர்மையானது என்பதற்கும் சான்றுண்டு. செடி தாக்கப்படும்போது ஜஸ்மோனேற்று, சலிசிலேற்று என்ற எச்சரிக்கைப் பொருள்களைச் சுரந்து நஞ்சு தயாரிக்கத் தொடங்கும். சோளக்கதிர்ப் புழு அந்த எச்சரிக்கையையே உணர்ந்து, நஞ்சு வருமுன் தன் பி450 நொதியங்களைப் பெருக்கிக்கொள்கிறது என்று 2002இல் காட்டப்பட்டது. வெள்ளை ஈயோ இன்னும் ஒரு படி மேலே போய், செடியின் நச்சுமுறிப்பு மரபணு ஒன்றையே தொல்காலத்தில் தனதாக்கிக்கொண்டிருக்கிறது. 2021இல் இது வெளியானபோது பூச்சியியலாளர் பலரும் திகைத்தார்கள்.

நொதியத்தை அடக்கினால் பழைய மருந்து மறுபடி வேலை செய்யுமா? செய்யும், ஓரளவு. இந்த எண்ணத்தின் தொடக்கம் நம் அடுப்படியில் இருக்கிறது. 1940 வாக்கில் அமெரிக்காவில், செவ்வந்தி வகைப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரத்தோடு நல்லெண்ணெயைக் கலந்தால் அதன் வலிமை கூடுகிறது என்று கண்டார்கள். எள்ளிலுள்ள செசமின் பூச்சியின் பி450ஐ முடக்குகிறது. அதன் சாயலில் செய்யப்பட்ட பைபரோனைல் பியூற்றொக்சைட்டை, எதிர்ப்பு கூடிய இடங்களுக்கான நுளம்பு வலைகளில் சேர்க்க 2017இல் உலக சுகாதார நிறுவனம் இடமளித்தது.

நம் தோட்டக்காரர் இரண்டு போத்தல் மருந்தைக் கலந்து அடிப்பதும் இதன் நிழலே. புரொபெனோபொஸ் போன்ற ஒகனோபொஸ்பேற்றும் சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ரொயிட்டும் கலந்தால், முன்னது புழுவின் எஸ்டரேஸைப் பிடித்துக்கொள்ள, பின்னது தடையின்றி நரம்பை எட்டுகிறது. அனுபவத்தில் கண்டுபிடித்த உண்மை அது, அதை அறியாமை என்று தள்ளக்கூடாது. ஆனால் அந்தக் கலவையிலும் பிழைக்கும் புழு இரண்டையும் தாங்கும் புழு. கலந்தவருடைய உடலின் எஸ்டரேஸும் அதே மருந்தால் பிடிபடுகிறது.

நொதியம் எல்லாவற்றையும் விளக்காது என்பதையும் சொல்லவேண்டும். வைரமுதுகு அந்து உலகில் டி.டி.ரி.க்கு எதிர்ப்புக் காட்டிய முதல் பயிர்ப்பூச்சி. 1950களின் தொடக்கத்தில் ஜாவாவின் லெம்பாங்கில் அது பதிவானது. தேயிலையும் கோவாவும் பக்கத்துப் பக்கத்தில் விளையும், கந்தப்பளையைப் போன்ற குளிர்மலை அது. பின் 1990இல் ஹவாயில், பி.ரி. என்ற பக்ரீறிய மருந்துக்குத் திறந்தவெளியில் எதிர்ப்புக் காட்டிய முதல் பூச்சியும் அதுவே. அங்கே நஞ்சை உடைப்பதைவிட நஞ்சு ஒட்டும் குடற்சுவர் மாறிவிடுகிறது. குளோரன்றனிலிப்ரோல் என்ற புதிய மருந்து தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் வந்து சில ஆண்டுகளுக்குள் தோற்றதற்கும் முக்கிய காரணம், நஞ்சு தாக்கும் தசைப்புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது.

இந்த வேறுபாடு பாத்தியில் நிற்பவருக்கு முக்கியம். மருந்து தாக்கும் இடம் மாறியிருந்தால், வேறு இடத்தைத் தாக்கும் மருந்துக்கு மாறினால் போதும். மருந்துகளைத் தாக்கும் இடத்தின்படி எண் போட்டு, எண் மாற்றி அடிக்கச் சொல்லும் சர்வதேச முறை இதை நம்பியே அமைந்தது. பி450 போன்ற நொதியம் கூடியிருந்தாலோ, அது இரண்டு மூன்று எண்களின் மருந்துகளை ஒருசேர உடைக்கலாம். எண் மாறும், புழு மாறாது. கடையில் வேறு பெயர் வேறு நிறப் போத்தல் என்று வாங்கி, உள்ளே அதே குடும்பத்து மருந்தையே அடிப்பது இதைவிடப் பரவலான துன்பம்.

எந்த வகை எதிர்ப்பு என்று அறிய மரபணு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் செய்யும் இலை நனைப்புச் சோதனை எளிது. கோவா இலைத் துண்டை மருந்துக் கரைசலில் பத்து விநாடி நனைத்து, நிழலில் உலர்த்தி, யோகட் கோப்பையில் வைத்து, ஒரே வயதுப் புழுக்கள் பத்தை விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து எண்ணுவது. மற்றொரு கோப்பையில் வெறும் நீரில் நனைத்த இலை, இன்னொன்றில் மருந்தோடு பைபரோனைல் பியூற்றொக்சைட். மூன்றாவது கோப்பையில் சாவு திடீரெனக் கூடினால், புழுவைக் காத்தது அதன் நொதியமே என்று தெரியும். கூடாவிட்டால் குற்றவாளி வேறு. சீத்தா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, தோட்டப் பாடசாலைகளில் உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையுறையும் மேற்பார்வையும் இருந்தால், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலிருந்தும் ஒவ்வொரு போகமும் இந்த எண்ணிக்கை வரமுடியும். அது வராததால்தான் பெரியவர் போத்தல் மூடியை அளவாகக் கொண்டு இரண்டு மூடி கூடப் போடுகிறார்.

அன்று நான் திருப்பிய இலையின் நடுநரம்போரம், வலை போன்ற மெல்லிய கூட்டுக்குள் அந்துவின் கூட்டுப்புழுக்கள் சில ஒட்டியிருந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் வேறுமாதிரி இருந்தது. வெள்ளையாய், அடர்ந்து, அரிசிமணி போல. புழுவின் உடலுக்குள் வளர்ந்து வெளியே வந்த குளவியின் கூடு. பெரியவரிடம் காட்டினேன். “இதையும் புழு முட்டைன்னு நெனச்சு நசுக்கிட்டுத்தானே இருந்தோம்” என்றார். இலையைக் கிள்ளாமல் மெதுவாகத் திருப்பி, இருந்தபடியே விட்டுவிட்டு, அந்த வரிசைக்கு இன்று மருந்து வேண்டாம் என்று டேங்கியை அடுத்த பாத்திக்கு எடுத்துப் போனார்.